பன்னிரண்டு மோட்டாரும் ஒரு கம்ப்யூட்டரும்

இது கோபத்தைப் பற்றிய கதை. கோபப்படக் கூடாது என்று முடிவில் யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால், இப்போதே மூடி வைத்துவிட்டு விளையாடப் போகலாம். இர்ஃபானா கோபப்பட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்களும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மின்விசிறி நின்றது. அம்மாவின் தையல் மெஷின் பாதித் தையலில் நின்றது. மேசை மேல் இருந்த கம்ப்யூட்டரும் அணைந்து போனது.

“இன்னைக்குமா!” என்று கத்தினாள் இர்ஃபானா.

தொடர்ந்து மூன்றாவது நாள். ஒன்பது மணி ஆனதும் டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் போய்விடும். வயர்மேன் வந்து சரிசெய்யப் பன்னிரண்டு மணி ஆகிவிடும். மே மாதத்து வெயிலில் மூன்று மணி நேரம் விசிறி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் தெரியும்.

ஆனால் இர்ஃபானாவின் கோபம் வெயிலால் வந்தது இல்லை.

அவளுக்குப் பதினோரு வயது. பள்ளி திறந்தால் ஏழாம் வகுப்பு. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் அவள் ஊர். அத்தா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அம்மா கமருன்னிஸா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். அந்தக் கம்ப்யூட்டர், கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது, லீவில் வந்திருந்த அத்தா வாங்கிக் கொடுத்தது. இன்னும் அதன் பக்கவாட்டில் ‘கேபின் 4’ என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பழசுதான். ஆனால் அது இப்போது ஒரு பெரிய வேலையில் இருந்தது.

போன நவம்பரில் இர்ஃபானாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு கையிலும் ஊசி. எலும்பெல்லாம் வலி. அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் கிருமி மேல் தீராத கோபம்.

“அதுக்குன்னு தனியா மருந்தே இல்லையாமே! ஏன் இல்ல?” என்று பெரியம்மா மகள் அஃப்ரீன் அக்காவிடம் சண்டைக்குப் போனாள். அஃப்ரீன் தஞ்சாவூரில் என்ஜினீயரிங் படிக்கிறவள்.

“என்கிட்ட ஏண்டி சண்டைக்கு வர்ற? தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. நீயும் சேர்ந்து தேடுறியா?” என்றாள் அஃப்ரீன்.

பிறகு விளக்கினாள். மருந்து தேடுவது, ஒரு பூட்டுக்கு லட்சக்கணக்கான சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது மாதிரி. கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டு, எந்தச் சாவி பொருந்தும் என்று பார்க்கலாம். ஆனால் ஒரே இடத்தில் செய்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் விஞ்ஞானிகள் அந்த வேலையைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து, உலகம் முழுக்க விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நாம் சும்மா இருக்கும் நேரத்தில் நம் கம்ப்யூட்டர் அந்தக் கணக்கைப் போடும். முடிந்ததும் விடையைத் திருப்பி அனுப்பிவிடும்.

“நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம். ஆஃப் பண்ணாம இருந்தா போதும்.”

ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு கெடு உண்டு. இர்ஃபானாவின் கையில் இருந்த பொட்டலத்தில் ஐம்பத்தெட்டு சதவீதம் முடிந்திருந்தது. கெடு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. அதைத் தாண்டினால் அந்தப் பொட்டலம் வேறு யாருக்காவது போய்விடும். இவள் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு எல்லாம் வீண்.

அதனால்தான் அந்த ‘டப்’ சத்தம் கேட்டதும் அவளுக்கு அப்படிக் கோபம் வந்தது. ஆனால் அது பாதிக் கோபம்தான். மீதிக் கோபம் செருப்புச் சத்தத்தோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

“கமருன்னிஸா! வெளியில வாம்மா!”

பக்கத்து வீட்டு சாரங்கபாணி மாமா. அவருக்கு மெதுவாகப் பேச வராது. ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டாலே தெருக்கோடியில் இருப்பவர் ‘ஆச்சு’ என்பார். அன்றைக்குக் கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

“உங்க வீட்டுப் பொட்டி ராவும் பகலும் ஓடுதாமே? ஏதோ உலக ஆராய்ச்சிக்கெல்லாம் கணக்குப் போடுதாமே?”

“ஆமாண்ணே, பாப்பாதான்...” என்று இழுத்தார் அம்மா.

“அதான் பியூஸ் போவுது! உலகத்துக்கே கணக்குப் போடணும்னா எவ்வளவு கரன்ட் இழுக்கும்? மொத்தக் கரன்டையும் உங்க வீட்டுப் பொட்டி உறிஞ்சிட்டா, என் மோட்டார் எப்படி ஓடும்? மூணு நாளா நாத்தங்காலுக்குத் தண்ணி இல்ல. நாத்து மஞ்சளடிச்சுப் போச்சு!”

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உலக ஆராய்ச்சி என்றால் உலகத்துக் கரன்டும் வேண்டும்தானே? கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

“பொய்!” என்று கத்தினாள் இர்ஃபானா. “அது அவ்வளவு இழுக்காது!”

“உனக்கு என்ன தெரியும்? நீ சின்னப் புள்ள!”

மாமாவின் முதுகுக்குப் பின்னால் அவர் மகள் வானதி நின்றிருந்தாள். இர்ஃபானாவின் வகுப்புத் தோழி. கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடுவது ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இர்ஃபானா அவளை முறைத்தாள். வானதி தரையைப் பார்த்தாள்.

உள்ளே வந்ததும் அம்மா சொன்னார். “அதை நிறுத்திடு.”

“அம்மா! வெள்ளிக்கிழமை கெடு!”

“அத்தா ஊர்ல இல்ல. நமக்கு ஒண்ணுன்னா முதல்ல ஓடி வர்றது அந்த வீடுதான். போன வருஷம் காய்ச்சல்ல கிடந்த உன்னைப் பைக்குல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு? அவரோட நாத்து காயுது. கொஞ்ச நாள் நிறுத்தினா என்ன?”

“நாம நிறுத்தினா ‘ஆமா, எங்களாலதான்’னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்.”

“நிறுத்துன்னு சொன்னேன்.”

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. இர்ஃபானா கம்ப்யூட்டரைப் போடவில்லை. சுவிட்சுக்கு மேல் ஒரு தாளை ஒட்டினாள். ‘இது நிறுத்தப்பட்டிருக்கிறது. குற்றம் செய்ததால் அல்ல’ என்று அதில் எழுதினாள். எழுதியும் கோபம் தணியவில்லை. மத்தியானம் சாப்பிட மாட்டேன் என்றாள். மீன் குழம்பு என்று தெரிந்த பிறகு, கோபத்தோடேயே சாப்பிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. எட்டு ஐம்பதுக்கே இர்ஃபானா வாசலில் வந்து நின்றாள். கம்ப்யூட்டரின் பிளக்கைக்கூடப் பிடுங்கி வைத்திருந்தாள்.

ஒன்பது மணி.

டப்.

“போச்சு! போச்சு! மறுபடியும் போச்சு!” என்று குதித்தாள். பியூஸ் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அந்தத் தெருவில் அவள்தான். பிளக்கைப் பிடுங்கிய வயரைக் கையில் தூக்கிக்கொண்டு சாரங்கபாணி மாமா வீட்டுக்கு ஓடினாள்.

“மாமா! நேத்துலேர்ந்து என் கம்ப்யூட்டர் ஓடல. இந்தாங்க வயரு. இப்ப ஏன் போச்சு? சொல்லுங்க!”

மாமா வயரைப் பார்த்தார். மேலே பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“நாலு நாளா இழுத்து இழுத்து டிரான்ஸ்ஃபார்மர் சூடாயிருக்கும். அந்தச் சூடு இன்னும் ஆறலை.”

தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? பெரியவர்களில் சிலருக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொள்கிறது. எனக்கு எழுதும்போதே எரிச்சலாக வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அவள் நேராக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனாள். எதிரே இருந்த டீக்கடை நிழலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டாள். வயர்மேன் செல்லதுரை பதினொன்றே முக்காலுக்கு பைக்கில் வந்தார்.

“அண்ணே, ஒரு கம்ப்யூட்டர் ஓடினா டிரான்ஸ்ஃபார்மர் பியூஸ் போவுமா?”

“எவன் சொன்னான்?” அவரும் கோபமாகத்தான் இருந்தார். நான்கு நாளாக ஒரே கம்பத்தில் ஏறினால் யாருக்குத்தான் கோபம் வராது? “உங்கம்மாவோட இஸ்திரிப் பெட்டி இழுக்குறதுல அஞ்சுல ஒரு பங்குகூட உன் கம்ப்யூட்டர் இழுக்காது.”

“அதைத் தெருவுல வந்து சொல்லுங்க.”

“பாப்பா, எனக்கு இன்னும் ஆறு ஊரு பாக்கி.”

“சரி. ஏன் சரியா ஒன்பது மணிக்கே போவுது? அதையாவது சொல்லுங்க.”

“ஒன்பது மணிக்குத்தானே த்ரீ பேஸ் வருது?”

வயல் மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது காலை ஒன்பது மணிக்குத்தான் வரும். இர்ஃபானா எழுதிக்கொண்டாள்.

“இந்த டிரான்ஸ்ஃபார்மர்ல எத்தனை மோட்டாரு?”

“பன்னெண்டு.”

“பன்னெண்டும் ஓடினா தாங்காதா?”

“ஓடினா தாங்கும். ஒண்ணா கிளம்பினா தாங்காது. மோட்டாரு கிளம்புற நேரத்துல, ஓடுறதை விட நாலஞ்சு மடங்கு இழுக்கும். கொஞ்ச நேரந்தான், அப்புறம் அடங்கிடும். முன்னாடியெல்லாம் ஒவ்வொருத்தரா வயலுக்கு நடந்து போய் சுவிட்சைப் போடுவாங்க. முன்னப்பின்ன ஆகும். இந்த வருஷம் பன்னெண்டு பேரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிட்டாங்க. கரன்டு வந்ததும் எல்லா மோட்டாரும் அதுவா எழுந்துக்குது, ஒரே நேரத்துல. பியூஸ் போனதும் அணைச்சிட்டு, மத்தியானம் ஆளாளுக்கு முன்னப்பின்ன போடுறதாலதான் அப்ப நிக்குது.”

“இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?”

“சொல்லாம? ‘ஆட்டோவை எடுங்க’ன்னேன். ‘நான் எடுத்து, அடுத்தவன் எடுக்கலைன்னா?’ன்னு ஒவ்வொருத்தரும் கேக்குறாங்க. நான் என்ன பண்ண?”

அவர் கம்பத்தில் ஏறினார். இர்ஃபானா நோட்டை மூடினாள். காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் சாரங்கபாணி மாமாவிடம் போய்ச் சொன்னால், நீ சின்னப் புள்ள என்பார். வானதியிடம் போய் இரண்டு வார்த்தை கேட்டால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது.

வெயில் தாழ்ந்ததும் வயலுக்குப் போனாள். பியூஸ் போட்ட பிறகும் மாமாவின் மோட்டாருக்கு அன்றும் மின்சாரம் சரியாக வரவில்லை. கால் மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. வானதி அடிகுழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நாற்றங்காலில் தெளித்துக்கொண்டிருந்தாள். மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆகும். அதுவரை போர்வெல் தண்ணீரில்தான் நாற்றை வளர்க்க வேண்டும். பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்க வேண்டிய நாற்று, நுனி கருகி மஞ்சளாக நின்றது. ஓரத்தில் மண் வெடித்திருந்தது.

“எதுக்கு வந்த?” என்றாள் வானதி.

“சண்டை போட.”

“போடு. ஆனா அந்தக் குடத்தை எடுத்துக்கிட்டுப் போடு.”

இர்ஃபானா குடத்தை எடுத்தாள். இருவரும் தண்ணீர் சுமந்துகொண்டே சண்டை போட்டார்கள்.

“என் கம்ப்யூட்டரைப் பத்தி உங்கப்பாகிட்ட ஏண்டி கோள் சொன்ன?”

“கோள் சொல்லல! பெருமையாத்தான் சொன்னேன். ‘இர்ஃபானா கம்ப்யூட்டர் உலகத்துக்கே கணக்குப் போடுதுப்பா’ன்னு சொன்னேன். அவரு அதை அப்படி எடுத்துப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப ஏன் தெருவுல வாயைத் திறக்கல?”

வானதி குடத்தைக் கீழே வைத்தாள். “பயமா இருந்துச்சு. அப்பா மூணு நாளா தூங்கவே இல்ல. இந்த நாத்துப் போச்சுன்னா இந்த வருஷம் குறுவை நடவே கிடையாது.”

இர்ஃபானா இன்னும் இரண்டு குடம் ஊற்றினாள். எவ்வளவு ஊற்றினாலும் மண் உடனே குடித்துவிட்டது.

“வாய்க்கால் தண்ணியா இருந்தா இந்தக் கவலையே இல்ல,” என்றாள் வானதி. “கொஞ்சமா வந்தாலும் எங்க முறை எங்களுக்குக் கிடைச்சிடும்.”

இர்ஃபானா வீட்டில் வயல் கிடையாது. “முறைன்னா?”

“வாய்க்கால்ல தண்ணி கம்மியா வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல மடையைத் திறக்கக் கூடாது. திறந்தா யாருக்கும் ஏறாது. அதனால ஆளுக்கு இவ்வளவு நேரம்னு முறை வச்சிருக்காங்க. முறை மாத்தி யாராவது மடையைத் தொட்டா எங்கப்பா மம்பட்டியைத் தூக்கிடுவாரு.”

இர்ஃபானாவின் குடம் சாய்ந்து, தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

“ஏய், தண்ணி!”

“வானதி, மோட்டாருக்கு முறை இருக்கா?”

“மோட்டாருக்கு எதுக்கு முறை? அதான் ஆட்டோ இருக்கே.”

இர்ஃபானாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. தண்ணீருக்கு முறை வைத்து, அதற்காக மண்வெட்டியைத் தூக்குகிற ஊர். மின்சாரத்துக்கு மட்டும் பன்னிரண்டு பேரும் ஒரே நொடியில் மடையைத் திறக்கிறார்கள். பழி அவள் கம்ப்யூட்டர் மேல்!

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் பன்னிரண்டு பெயர்களை எழுதினார்கள். யார் நாற்று எந்த நிலைமையில் இருக்கிறது என்று வானதிக்கு அத்துப்படி. ஒவ்வொரு பெயருக்கும் நேராக இர்ஃபானா நேரம் போட்டாள். ஒன்பது மணி, ஒன்பது ஐந்து, ஒன்பது பத்து என்று ஐந்து ஐந்து நிமிடம் தள்ளி. பன்னிரண்டாவது ஆளுக்கு ஒன்பது ஐம்பத்தைந்து.

“எங்கப்பா பேரு எங்க இருக்கு?” என்று எட்டிப் பார்த்தாள் வானதி. தாளைப் படித்ததும் இர்ஃபானாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணி. டிரான்ஸ்ஃபார்மர் எதிரே டீக்கடையில் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். மோட்டாருக்கு ஆட்டோ மாட்டிவிட்டதால் டீ குடிக்க நேரம் இருந்தது.

“வாம்மா, கம்ப்யூட்டர் பாப்பா!” என்று ஒருவர் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

இர்ஃபானா சிரிக்கவில்லை. அவள் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியதா பயத்தில் நடுங்கியதா என்று அவளுக்கே தெரியாது.

“வாய்க்கால் தண்ணிக்கு முறை வச்சிருக்கீங்கல்ல? மோட்டாருக்கு ஏன் முறை இல்ல?”

சிரிப்பு நின்றது.

“அது தண்ணி, இது கரன்ட்,” என்றார் தமிழரசன். அவர்களில் வயதில் இளையவர், ஆட்டோ ஸ்டார்ட்டரை ஊருக்கு முதலில் கொண்டுவந்தவர்.

“பன்னெண்டு மடையையும் ஒண்ணா திறந்தா தண்ணி ஏறுமா?”

“ஏறாது.”

“பன்னெண்டு மோட்டாரையும் ஒண்ணா கிளப்பினா பியூஸ் நிக்குமா? நேத்து என் கம்ப்யூட்டர் பிளக்கையே பிடுங்கி வச்சிருந்தேன். அப்பவும் போச்சு. சரியா ஒன்பது மணிக்குப் போச்சு. ஆட்டோவை ஆஃப் பண்ணிட்டு அஞ்சு அஞ்சு நிமிஷமா ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போடுங்க. கடைசி ஆளுக்கு ஐம்பத்தஞ்சு நிமிஷந்தான் காத்திருப்பு. இப்ப மூணு மணி நேரமா காத்திருக்கீங்க!”

டீக்கடையில் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். வயர்மேன் இதைச் சொன்னபோது, அடுத்தவன் எடுப்பானா என்று யோசித்தவர்கள்தான். ஆனால் முறை என்ற வார்த்தை வேறு. அது அவர்கள் வார்த்தை. முறையை மீறிவிட்டு அந்த ஊரில் யாரும் நிமிர்ந்து நடக்க முடியாது.

“சரி, முதல்ல யாரு?” என்றார் ஒருவர்.

அவ்வளவுதான். “நான்”, “எனக்கு”, “என் நாத்துதான் முதல்ல விதைச்சது” என்று பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் அவர்களைப் பார்த்திருந்தால் அப்போதே பியூஸ் போயிருக்கும்.

வானதி தாளை உயர்த்திப் பிடித்தாள். “நாத்து எவ்வளவு காய்ஞ்சிருக்குன்னு பார்த்து எழுதியிருக்கோம். படிக்கிறேன், கேளுங்க.”

முதல் பெயரைப் படித்தாள். “ஒன்பது மணி. சாரங்கபாணி.”

சாரங்கபாணி மாமா தலையைத் தூக்கினார். “இதை எழுதினது யாரு? நீயா?” என்று மகளைக் கேட்டார்.

“இர்ஃபானாப்பா.”

“என்ன பாப்பா இது?” என்றார் தமிழரசன். “உன்கிட்டத் தெருவுல நின்னு சண்டை போட்டவருக்கா முதல் முறை? கோபம் போயிடுச்சா?”

“போகல!” என்றாள் இர்ஃபானா பட்டென்று. “மாமா மேல எனக்கு ரொம்பக் கோபம். ஆனா நாத்து என்ன பண்ணுச்சு? அதான் எல்லாத்தையும் விட அதிகமா காயுது.”

அதற்குமேல் யாரும் தனக்கு முதல் முறை வேண்டும் என்று கேட்கவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர்தான் வாய் திறந்தார். “மணி எட்டே முக்கால் ஆவுது. வயலுக்குப் போய் ஆட்டோவை ஆஃப் பண்ணுங்கய்யா!”

பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திசையில் ஓடினார்கள்.

ஒன்பது மணி. இர்ஃபானாவும் வானதியும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தபடி நின்றார்கள். தூரத்தில் ஒரு மோட்டார் உறுமியது. டீக்கடை விசிறி ஒரு நொடி தயங்கிவிட்டுச் சுற்றியது. ஒன்பது ஐந்துக்கு இன்னொன்று. ஒன்பது பத்துக்கு இன்னொன்று. இர்ஃபானா ஒவ்வொரு பெயராக டிக் அடித்தாள். ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் தமிழரசனின் மோட்டாரும் கிளம்பியது. ‘டப்’ வரவே இல்லை.

பத்து மணிக்கு சாரங்கபாணி மாமா சேற்றுக் காலோடு இர்ஃபானா வீட்டு வாசலில் வந்து நின்றார். வானதியும் கூட வந்தாள். அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அணைந்து கிடந்த கம்ப்யூட்டரை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

“அப்படி என்னதான் ஆராய்ச்சி அதுல?”

வானதிதான் சொன்னாள்.

“டெங்குவுக்கு மருந்து தேடுறாங்கப்பா.”

மாமா சொம்பைக் கீழே வைத்தார். போன நவம்பரில் கொதிக்கும் உடம்போடு இருந்த இர்ஃபானாவைப் பைக்கில் தனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார வைத்து, மழையில் ஓட்டிக்கொண்டு போனவர் அவர்தான்.

“அந்தக் காய்ச்சலுக்கா?” என்றார். முதல் முறையாக அவர் குரல் மெதுவாக வந்தது. ஆனால் அது ஒரு நொடிதான். அடுத்த நொடியே, “அதை ஏன் நிறுத்தின?” என்று கத்தினார்.

“நீங்க சொன்னதாலதானே நிறுத்தினேன்!” என்று இவளும் கத்தினாள்.

“நான் சொன்னா நிறுத்திடுறதா? போடு, போடு! முதல்ல போடு!”

அம்மா சுவிட்ச் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். இர்ஃபானா கணக்குப் பார்த்தாள். இன்னும் நாற்பத்திரண்டு சதவீதம் பாக்கி. முப்பது மணி நேரம் ஓட வேண்டும். கெடுவுக்கு முப்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பியூஸ் போனால், மூன்று மணி நேரம் போய்விடும். அப்புறம் எல்லாம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே சாரங்கபாணி மாமா டிரான்ஸ்ஃபார்மர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மோட்டாரைப் போட வானதியை அனுப்பியிருந்தார். கையில் அந்தப் பட்டியல்.

“யோவ் தமிழரசா! உன் ஆட்டோவை ஆஃப் பண்ணியா?”

“இதோ போறேண்ணே, டீ...”

“டீயும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஓடு! அங்க பொட்டி ஓடிக்கிட்டு இருக்கு!”

தமிழரசன் ஓடினார். பியூஸ் நின்றது.

அதோடு மாமா ஓயவில்லை. மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். தொண்ணூற்று ஆறு சதவீதம் என்று காட்டியபோது, பக்கத்து வீட்டில் அவர் மனைவி ஆனந்தவல்லி மிக்ஸியைப் போட்ட சத்தம் கேட்டது. மாமா ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

“மிக்ஸியை நிறுத்து! இங்க ஆராய்ச்சி நடக்குது!”

“மாமா, மிக்ஸியால ஒண்ணும் ஆகாது,” என்றாள் இர்ஃபானா.

“உனக்குத் தெரியாது, சும்மா இரு. அம்மியில அரைச்சா ஆகாதா?”

நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நூறு என்று வந்தது. அம்மாவின் போனிலிருந்து இணையத்தை இணைத்ததும், விடை புறப்பட்டது. ‘பெற்றுக்கொண்டோம், நன்றி’ என்ற பொருளில் இரண்டு வரி திரையில் தோன்றியது. வானதி இர்ஃபானாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அம்மா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

“அவ்வளவுதானா?” என்றார் மாமா. “இனிமே கோபம் தீர்ந்துச்சுல்ல?”

“இல்ல.”

“இன்னும் என்ன?”

“தெருவுல நின்னு சத்தமா என் கம்ப்யூட்டராலதான்னு சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க. அது தப்புன்னு நீங்க இன்னும் சொல்லல.”

“இர்ஃபானா!” என்று அதட்டினார் அம்மா.

மாமாவின் முகம் சிவந்தது. அவர் தொண்டையைச் செருமினார். “சரி, தப்புதான்,” என்றார் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில்.

“அப்படி இல்ல மாமா. அதே இடம். அதே சத்தம்.”

மாமா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி நடுத்தெருவுக்குப் போனார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க! பியூஸ் போனதுக்கு இந்தப் புள்ளையோட கம்ப்யூட்டர் காரணமில்ல! நான் சொன்னது தப்பு! சாரங்கபாணி சொன்னது தப்பு!”

தெருக்கோடி டீக்கடையிலிருந்து, “கேட்டுச்சு, கேட்டுச்சு!” என்று பதில் வந்தது. அந்த மனிதருக்கு மெதுவாகப் பேச வராததற்காக இர்ஃபானா அன்றுதான் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டாள்.